உடன்பிறந்தவரா, பதிவேட்டுக் கொடையாளரா, பெற்ற மகனா? ஸ்டெம் செல் தேடி அலைந்த கதை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் என் தம்பிக்கு 41 வயதில் அக்யூட் மைலாய்டு லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய் வந்தது. முதல் சுற்று கீமோவில் நோய் அடங்கியது. ஆனால் மரபணுச் சோதனை சாதகமாக இல்லை. மருந்தோடு நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும், ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை, அதாவது ரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்களை வேறொருவரிடமிருந்து பெற்று ஏற்றும் சிகிச்சை வேண்டும் என்றார்கள்.

எல்லா நோயாளிக்கும் இது தேவைப்படாது. இந்நோயிலேயே புரோமைலோசைட்டிக் என்னும் ஒரு வகையைப் பெரும்பாலும் ஆர்சனிக் மருந்தும் ஏடிஆர்ஏ மாத்திரையுமே குணப்படுத்திவிடுகின்றன. ஆகவே நோய் திரும்பும் அபாயம் எந்த அளவு என்று சொல்லும் பிரிவு எது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தேவை உறுதியானால் முதல் தேர்வு உடன்பிறந்தவர்தான். பொருத்தம் பார்ப்பது எச்எல்ஏ எனப்படும், அணுக்களின் மேலுள்ள அடையாளங்களை வைத்து. அவை அப்பாவிடமிருந்து ஒரு பாதி, அம்மாவிடமிருந்து ஒரு பாதி என வருகின்றன. அதனால் ஒவ்வோர் உடன்பிறப்பும் முழுதாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு, பாதி பொருந்த 50, எதுவுமே பொருந்தாமல் போக 25. ரத்த வகை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முழுப் பொருத்தம் கிடைத்துவிட்டால் வேறு யோசனையே வேண்டாம். எனக்கு எதுவும் சேரவில்லை. நாமக்கல்லில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்குப் பாதி. "ஒரே வயிற்றில் பிறந்தும் சேரவில்லையா அண்ணா?" என்று போனில் அழுதாள். சொந்தத்தில் மணமுடிக்கும் குடும்பங்களில் மாமா பிள்ளைகள், அத்தை பிள்ளைகளிடமும் முழுப் பொருத்தம் அமைவதுண்டு, அவர்களையும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, பதிவேட்டில் பெயர் கொடுத்திருக்கும் முன்பின் தெரியாத கொடையாளர். சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவேடுகளில் தேடலாம். பொருத்தம் சிறப்பாக அமையலாம். ஆனால் அவரைக் கண்டுபிடித்து, மறுசோதனை செய்து, தேதி வாங்குவதற்குள் வாரங்கள் ஓடிவிடுகின்றன. செல்களைச் சேகரித்து வரவழைக்கும் செலவும் தனி. எங்களுக்கு ஒருவர் பொருந்தியிருந்தார். மறுசோதனைக்கு அவர் வரவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நோய் அடங்கியிருந்த நாட்களில் அந்த வாரங்கள் எங்கள் கையிலிருந்து போயின.

மூன்றாவது, பாதிப் பொருத்தம். பெற்றோரும் பிள்ளைகளும் ஏறத்தாழ எப்போதும் பாதி பொருந்துவார்கள். முன்பு இதைத் தொடவே அஞ்சினார்கள், கொடையாளரின் அணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கும் என்பதால். செல் ஏற்றிய மூன்றாம், நான்காம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு கொடுக்கும் முறை இந்த நிலையை மாற்றியது. நோயாளியின் உடலைப் பகையென்று கண்டு வேகமாகப் பெருகும் அணுக்களை அந்த மருந்து அழிக்கிறது. ஸ்டெம் செல்கள் தங்களிடமுள்ள ஒரு நொதியால் தப்பிவிடுகின்றன. குறை இல்லாமல் இல்லை: புது ரத்தம் ஊற நாளாகலாம், வைரஸ் தொற்றுகள் கூடுதலாகப் படுத்தும், அதற்கான மருந்துச் செலவும் சேரும்.

தங்கை, தம்பியின் 19 வயது மகன் என எங்களிடம் இரண்டு பாதிகள் இருந்தன. மருத்துவர் மகனைத் தேர்ந்தெடுத்தார். இளையவர் என்பது ஒன்று. பிள்ளை பெற்ற பெண்ணின் செல்கள் ஆண் நோயாளிக்குப் போனால் கொடையாளர் அணுக்களின் அந்தத் தாக்குதல் கூடும் என்பது இன்னொன்று. நோயாளி தாயாக இருந்தால் வேறொன்றைப் பார்க்க வேண்டும். கருவுற்றபோது பிள்ளையின் அடையாளங்களுக்கு எதிராக அவர் உடலில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கலாம். இருந்தால் அந்தப் பிள்ளையின் செல்கள் வேரூன்றாமல் போகும் ஆபத்துண்டு.

ஸ்டெம் செல்களை எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவைக்கப் பையனுக்கு ஐந்து நாள் ஊசி. இடுப்பெலும்பு குடைகிறது என்றான், வேறு புகார் இல்லை. ஆறேழு மணி நேரம் இரு கைகளையும் நீட்டியபடி படுத்திருந்தான். ஒரு கையிலிருந்து போன ரத்தம் இயந்திரத்தில் சுழன்று மறு கைக்குத் திரும்பியது. மேலே தொங்கிய சிறு பையில் தக்காளிச் சாறு நிறத்தில் ஏதோ மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே இருந்தது.

இன்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முழுப் பொருத்தமான உடன்பிறப்பு இல்லையென்றால் பதிவேட்டுத் தேடலையும் வீட்டாரின் சோதனையையும் ஒரே நாளில் தொடங்குங்கள். பதிவேட்டுக்கு ஒரு கெடு வையுங்கள். அதற்குள் கொடையாளர் உறுதியாகாவிட்டால் மருத்துவரிடம் பாதிப் பொருத்தம் பற்றிப் பேசுங்கள். நாங்கள் எங்கள் பதிவேட்டுக் கொடையாளருக்காகக் காத்திருந்த பிறகே பையனின் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்தோம்.

தம்பி இப்போது முகக்கவசத்தோடு பட்டறைக்குப் போகிறான். பி பாசிட்டிவாக இருந்த அவன் ரத்தம் மகனுடைய ஓ பாசிட்டிவாக மாறிவிட்டது. சட்டைப்பையில் வைத்திருக்கும் அட்டையில் பழையதை அடித்துவிட்டுப் புதியதை மகன் கையாலேயே எழுதச் சொன்னான்.