கோர்ன் ஸ்நேக் குட்டிக்கு முதல் வீடு: திருகோணமலை வெக்கையில் சில வருடங்கள்

2021 கடைசியில் கோர்ன் ஸ்நேக் என்ற பாம்பின் குட்டி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. பென்சில் தடிப்பு, ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. அமெரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்து இனம், விஷம் கிடையாது, நம்ம ஊர்ச் சாரைக்குத் தூரத்துச் சொந்தம். அனுமதி விஷயத்தை வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டுத் தெளிவாக்கிய பிறகுதான் வாங்கினேன். வளவில் பிடித்த பாம்பைப் பெட்டியில் போட்டு வளர்க்கும் யோசனை யாருக்காவது இருந்தால், அதை இங்கேயே விட்டுவிடுங்கள்.

"நாகதம்பிரானுக்குப் பால் வைக்கிறது வேற, பாம்பை வீட்டுக்குள்ள வைக்கிறது வேற" என்ற அம்மா ஒரு வாரம் என்னோடு கதைக்கவில்லை.

முதல் பிழை தொட்டியில். மீன் வளர்த்த மூன்றடிக் கண்ணாடித் தொட்டி சும்மா கிடந்தது. அடியில் பேப்பர், ஒரு தண்ணீர்க் கிண்ணம், பாம்பு பதுங்க ஒரு ஒளிப்பிடம், அவ்வளவுதான். குட்டி மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. இரண்டு தடவை வைத்த எலிக்குஞ்சைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான்காம் நாள் இரவு வயர் போகும் இடைவெளியால் வெளியேறியும் விட்டது. பாம்பின் தலை நுழையும் இடத்தால் உடம்பு முழுக்கப் போகும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. விடியும்வரை தேடினோம். கடைசியில் குசினியில், தண்ணீர் வைக்கும் மண்பானையின் அடியில் சுருண்டு கிடந்தது.

வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் எப்படிச் சூடாக்குவது என்றே பேசுகின்றன. நானும் கறன்டில் சூடாகும் வெப்பப் பாய், அந்தச் சூட்டை அளவோடு வைக்கும் தெர்மோஸ்டாட் எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். குட்டியோ குளிரைத் தேடிப் போயிருக்கிறது. பெட்டியின் ஒரு பக்கம் 29, 30 பாகை, மறுபக்கம் 24, 25 என்று இருக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் அறையே 33, 34 காட்டும். இங்கே பாம்புக்கு வேண்டியது சூடு இல்லை, ஒதுங்க ஒரு குளிர்ந்த மூலை.

அப்புறம் தொட்டியை ஒதுக்கிவிட்டு, மூடியில் நான்கு கிளிப் உள்ள இரண்டடி பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கினேன். சோல்டரிங் அயனால் இரண்டு பக்கச் சுவரிலும் ஓட்டைகள் போட்டேன். உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும். இல்லாவிட்டால் உருகிய விளிம்பு உள்ளே நீட்டி உடம்பைக் கீறும். ஒளிப்பிடத்துக்குக் கடைக்குப் போகவில்லை. பாதிச் சிரட்டை இரண்டு, வாசலுக்கு ஒரு துண்டு உடைத்து, விளிம்பை மட்டத்தாளால் தேய்த்து, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று கவிழ்த்தேன். உடம்பு நாலாபுறமும் முட்டும் அளவுக்கு இறுக்கமான இடம்தான் குட்டிக்குப் பிடிக்கும். ஒரு வாரம் தொடாமல் விட்டு எலிக்குஞ்சு வைத்தேன், அன்றிரவே விழுங்கிவிட்டது. தொட்டி பெரிதாக இருந்தது குறை இல்லை, வெறிச்சோடிக் கிடந்ததுதான் குறை என்று இப்போது நினைக்கிறேன்.

பெட்டியை முதலில் உள்ளறையில் சீமெந்துத் தரையில் வைத்திருந்தேன், யன்னல் வெயில் படாது. வெக்கை நாட்களில் ஐஸ் கட்டிய போத்தல் ஒன்றைத் துணியில் சுற்றி ஒரு பக்கச் சுவரோடு வெளியே சாத்தி வைப்பேன். அந்தப் பக்கம் இரண்டு மூன்று பாகை இறங்கும். 2022 மார்ச் கடைசியில் கறன்ட் ஒரு நாளில் 13 மணித்தியாலம்கூட நின்றபோது ஐஸுக்கு வழி இல்லை. ஈரச் சாக்குப் போர்த்திய மண்பானையைத்தான் பக்கத்தில் வைத்துச் சமாளித்தோம். வெப்பப் பாயா? மாரியில் விடாமல் மழை பெய்த சில இரவுகளில் மட்டும் ஓடியது. இங்கே அதை முதல் நாளே வாங்கத் தேவையில்லை. இரண்டு முனைக்கும் ஒவ்வொரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள், அது காசுக்குப் பெறுமதி.

தும்புத்தூள் போட்டுப் பார்த்தேன். கச்சான் காலத்தில் நல்லது, தோலும் காலுறை கழற்றியதுபோல ஒரே துண்டாக உரிந்தது. மார்கழியில் நாலே நாளில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்துவிட்டது. அந்தக் கிழமைதான் குட்டியின் மூக்கில் குமிழி வந்து மிருக வைத்தியரிடம் ஓடினேன். அதற்குப் பிறகு மாரியில் பேப்பர் மட்டும்தான். தோல் உரியும் நாட்களில் ஈரத்தும்பு வைத்த சின்ன டப்பா ஒன்றை உள்ளே வைப்பேன்.

எறும்பைப் பற்றி யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. சாப்பிடாமல் விட்ட எலிக்குஞ்சை மணந்தால் போதும், விடிவதற்குள் வரிசை கட்டிவிடும். பூட்டிய பெட்டிக்குள் பாம்புக்கு ஓட இடமும் இல்லை. பழைய சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்வதுபோல, ஒரு பலகையின் நான்கு காலையும் தண்ணீர்ப் பேணியில் நிறுத்தி அதன்மேல் பெட்டியை ஏற்றினேன். பேணித் தண்ணீரில் நுளம்பு முட்டை இடும், இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

இப்போது பாம்பு மூன்றரை அடி. அதே கண்ணாடித் தொட்டி கட்டைகளும் ஒளிப்பிடங்களும் நிறைந்து, மூடிக்குப் பூட்டும் போட்டு, அதற்கு வீடாகிவிட்டது. காலியான பெட்டியை அம்மா பார்த்து வைத்திருக்கிறார். ஓட்டை இருக்கிறதாம், வெங்காயம் போட்டு வைக்க நல்லதாம். பாம்பின் எச்சத்தில் வயிற்றைக் கெடுக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "டெட்டோல் போட்டுக் கழுவினாப் போகும்" என்கிறார்.