பழைய சிலையா, சுவாமிமலைப் புது வார்ப்பா?

கும்பகோணத்தில் மூன்று தலைமுறையாக எங்களுக்குச் சிலை வியாபாரம். ஆனாலும் பூஜைக்கு நடராஜர் கேட்டு வருகிறவர்களிடம் பழசைத் தள்ளிவிட மாட்டேன்.

விலை: பழசுக்கு அளவே கிடையாது. புதுசு என்றால் எடை, வேலைப்பாடு பார்த்துச் சொல்வார்கள்.

காகிதம்: 100 வருஷம் ஆனது 1972 சட்டப்படி தொல்பொருள். பதிவுச் சான்று வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கள்ளத்தனமாக வெளிநாடு போன பத்தூர் கோயில் நடராஜர் லண்டன் கோர்ட் ஏறி 1991இல்தான் திரும்பினார். வாங்கின சிலை 'கோயில் சொத்தோ' என்று அப்பா தூக்கம் கெட்ட ராத்திரிகள் உண்டு. வீட்டில் வைக்க, புதுசுக்கு ஸ்தபதி தரும் பில் போதும்.

வேலை: மெழுகு உருவம், மேலே காவிரி வண்டல் பூச்சு, சூட்டில் மெழுகை உருக்கி வெளியேற்றி அந்த இடத்தில் உருக்கிய உலோகம், அப்புறம் உளி. அச்சை உடைத்துத்தான் எடுப்பார்கள். அதனால் புதுசும் ஒற்றைப் பிரதிதான்.

பூஜைக்குப் புதுசு. சேகரிப்புக்கு, சான்று கையில் இருந்தால் மட்டும் பழசு.