குலுக்கவா, சுற்றவா, அமுக்கவா: பேட்டரி வேண்டாத டார்ச்கள்

பேட்டரியே வேண்டாம் என்று சொல்லி விற்கிற டார்ச்களில் மூன்று வகை உண்டு. குலுக்குவது, கைப்பிடியைச் சுற்றுவது, அமுக்குவது. மூன்றுக்கும் தாய் ஒன்றுதான், 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த அந்த விஷயம்: கம்பிச்சுருளும் காந்தமும் ஒன்றையொன்று கடந்து நகர்ந்தால் மின்சாரம் பிறக்கும்.

பார்க்க அழகு குலுக்குகிற டார்ச்தான். தெளிவான குழாய்க்குள் காந்தம் சுருளின் நடுவே அங்கும் இங்கும் ஓடும், வந்த மின்சாரம் அதைத் தேக்கிவைக்கும் சின்ன உறுப்பான ஒரு கெபாசிட்டரில் சேரும். கணக்குப் போட்டால்தான் முகம் வாடுகிறது. 50 கிராம் காந்தம் 10 செ.மீ. விழுந்தால் கிடைக்கும் சக்தி 0.05 ஜூல் (ஒரு வாட் விளக்கு ஒரு நொடி எரியத் தேவைப்படுவது ஒரு ஜூல்). நொடிக்கு மூன்று முறை வீதம் அரை நிமிடம் குலுக்கி, துளியும் வீணாகாமல் சேர்ந்தால்கூட 4.5 ஜூல்தான், அதாவது 0.05 வாட் எல்.இ.டி. ஒன்றரை நிமிடம் எரியும். வேகமாக உதறினால் கொஞ்சம் கூடும், தோளும் கழன்றுவிடும். இதில் போலி வேறு. நான் வாங்கிய ஒன்றைக் கழற்றினால் உள்ளே இரண்டு பட்டன் செல்! ஓடிக்கொண்டிருந்த "காந்தம்" குண்டூசியைக்கூட இழுக்காத உலோகத் துண்டு, சுருளின் முனைகள் எதிலும் சேராமல் சும்மா தொங்கின.

சுற்றுகிற டார்ச் நேர்மையான உழைப்பாளி. பல்சக்கரங்கள் நம் மெதுவான சுற்றைப் பல மடங்கு வேகமாக்கி டைனமோவுக்குத் தரும். கை 3 வாட் கொடுத்து ஒரு நிமிடம் சுற்றினால் 180 ஜூல், அதில் பாதி போனாலும் 0.1 வாட் விளக்குக்குக் கால் மணி நேரம் காணும். ஆனால் சேமிப்பது எங்கே? உள்ளே இருக்கிற குட்டி ரீசார்ஜ் பேட்டரியில். அலமாரியில் சில வருடம் கிடந்தால் செத்துப்போவது அதுதான்.

அதனால்தான் எனக்கு அமுக்குகிற பழைய வகை மேல் மரியாதை. இரண்டாம் உலகப்போரில் நெதர்லாந்தில் பிலிப்ஸ் செய்த டைனமோ டார்ச்சுக்கு மக்கள் வைத்த பெயர் "க்னைப்கட்", அமுக்குப்பூனை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அமுக்க அமுக்க உறுமும். நெம்புகோலை விட்ட இடைவெளியில் உள்ளே இருக்கும் கனமான சக்கரம் தன் வேகத்திலேயே சுற்றி வெளிச்சத்தைத் தாங்கும். சேமிப்பே கிடையாது என்பதால் கெட்டுப்போக அதில் பேட்டரியும் இல்லை. குறை என்னவென்றால் ஒரு கை அதற்கே போய்விடும், அப்புறம் ஒளிந்திருக்கவே முடியாது.

சாதாரண டார்ச்சை விட்டுவிட்டேனே. ஒரு ஏ.ஏ. ஆல்கலைன் செல்லில் சுமார் 3 வாட்-மணி இருக்கும். அதே சக்தியைக் கையால் எடுக்க, 3 வாட் வீதம் விடாமல் ஒரு மணி நேரம் சுற்ற வேண்டும்! ஆல்கலைன் செல் கசிந்து வெள்ளையாகப் பூத்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும், அதனால் மாதக்கணக்கில் சும்மா வைப்பதானால் லித்தியம் செல் போட்ட டார்ச்தான் என் முதல் தேர்வு. செல்லே கிடைக்காத நாளுக்குப் பக்கத்தில் ஒரு அமுக்குப்பூனை. குலுக்குவதுதான் வேண்டும் என்றால், சரி, கடைக்குப் போகும்போது ஒரு குண்டூசி எடுத்துப் போங்கள்.