சென்ட்ரிங் ஷீட் வாடகைக்கு எடுக்கப்போகும் கடலூர், பாண்டிக்காரர்கள் கவனத்துக்கு

மாடித் தளத்துக்கு வாடகைக்கு எடுத்த இரும்பு ஷீட்டால் ஹால் கூரையில் விரிசல் விழுந்தது, கட்டின அட்வான்ஸில் பாதிக்கு மேல் காணாமல் போனது. கடைப் பெயரை எழுத மாட்டேன், விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை. நான் விசாரித்த வரைக்கும் இந்தத் தில்லுமுல்லு ஒரு கடையோடு நிற்கிற சமாசாரமாகத் தெரியவில்லை.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பின்னால் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு, தென்பெண்ணை பெருக்கெடுத்து வந்ததே, அப்போது எங்கள் கீழ்வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அன்றைக்கே முடிவு பண்ணியாச்சு, மாடி எடுத்தே ஆகணும் என்று. எங்கள் தெருவில் பலரும் அதே முடிவு எடுத்தார்கள். ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும், ஐப்பசி மழைக்கு முன்னால் தளம் போட்டுவிடணும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பினோம். ஷீட் கடைக்காரர்களுக்குச் சுக்கிர திசை.

தெரியாதவர்களுக்கு: சென்ட்ரிங் ஷீட் என்பது 3-க்கு 2 அடி இரும்புத் தகடு, சுற்றிலும் ஆங்கிள் (L வடிவ இரும்பு) சட்டம் வெல்டு அடித்திருக்கும். கீழே ஜாக்கி (உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற இரும்பு முட்டு), அதன் மேல் ரன்னர் என்கிற படுக்கைச் சட்டம், அதன் மேல் இந்தத் தகடுகளை வரிசையாகப் பரப்பி, கம்பி கட்டி, கான்கிரீட் போடுவார்கள். இறுகினதும் பிரித்து அடுத்த வீட்டுக்குப் போகும். அப்பா கீழ்வீடு கட்டிய காலத்தில் சவுக்கு முட்டும் பலகையும்தான். இன்றைக்கும் கூரையை அண்ணாந்து பார்த்தால் பலகை பலகையாக அச்சு தெரியும். ஆனால் ஐம்பது வருஷமாக ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது, அது வேறு விஷயம்.

எங்கள் மேஸ்திரி கூலிக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். சென்ட்ரிங்கைத் தனியாக ஒரு கடையில் விட்டோம். கடை எல்லைக்கு அந்தப் பக்கம், பாண்டியில். ஷீட், ஜாக்கி, பரப்புகிற ஆள், பிரிக்கிற ஆள் எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே பேச்சு. கடை வாசலில் ரெட் ஆக்ஸைடு அடித்த புது ஷீட் அடுக்கி வைத்திருந்தார்கள், பளபளவென்று. ஓனர் ஒன்றை விரலால் தட்டிக் காட்டினார். "14 கேஜ் சார். கூரைக்கு அடியில பூச்சே தேவைப்படாது, பட்டி பாத்து பெயின்ட் அடிச்சுக்கலாம்."

வந்தது அந்த ஷீட் இல்லை.

ராத்திரி பத்து மணிக்கு மேல் குட்டி யானையில் இரண்டு நடை. பகலில் லோடு வண்டியை டவுனுக்குள் விட மாட்டார்களாம். வண்டி வெளிச்சத்தில் டமார் டமார் என்று இறக்கிப் போட்டுவிட்டு, சைட்டில் படுத்திருந்த பையனிடம் சலானில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சலானில் அச்சடித்தே இருக்கிறது: "150 ஷீட், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்."

காலையில் பார்த்தால் பாதிக்குப் பாதி வயிறு தள்ளின ஷீட். மூலையில் வெல்டு விட்டுப்போய் ஆங்கிள் தனியாக ஆடுகிறது. போன வீட்டு கான்கிரீட் பக்கு பக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறது, சுரண்டக்கூட இல்லை. சிலதில் நட்டநடுவே வட்டமாக ஓட்டை, எந்த வீட்டிலோ ஃபேன் பாக்ஸுக்காக வெட்டினது. மேஸ்திரி ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து, "இது 14 இல்லீங்க சார். 14-ஆ இருந்தா இப்படித் தூக்க முடியாது" என்றார்.

கேஜ் கணக்கு தலைகீழ்: எண் கூடக் கூடத் தகடு மெலியும். 14 கேஜ் சுமார் 2 மி.மீ., 16 கேஜ் சுமார் 1.6, 18 கேஜ் சுமார் 1.2. கருவி இல்லாமல் கண்ணால் பிடிக்க முடியாது, ஆனால் தராசு காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு 1 மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ. 3-க்கு 2 ஷீட்டுக்கு 14 கேஜ் தகடு மட்டும் எட்டே முக்கால் கிலோ, 25 மி.மீ. ஆங்கிள் சட்டம் மூன்று கிலோவுக்கு மேல், ஆக ஒரு ஷீட் 12 கிலோ இருக்கணும். பக்கத்துப் பழைய இரும்புக் கடைக்காரரின் தொங்கு தராசை வாங்கிவந்து மாட்டினோம். பெரும்பாலும் எட்டரை, ஒன்பதுதான் நின்றது. அதாவது 18 கேஜ்.

அரை மில்லி, முக்கால் மில்லியில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஐந்தரை இன்ச் தளம் என்றால் ஒரு ஷீட் மேல் ஏறுகிற ஈரக் கான்கிரீட்டே ஏறக்குறைய 190 கிலோ. அதற்கு மேல் சட்டி தூக்குகிற ஆள், கான்கிரீட்டைக் குலுக்கி இறுக்குகிற வைப்ரேட்டர், அதன் அதிர்வு. மெல்லிய தகடு அந்தப் பாரத்தில் தொய்யும். தொய்ந்த வடிவத்திலேயே கூரை இறுகும். அந்த அலையை மறைக்கப் பூச்சு தடிமனாகப் போடணும், தடிமனான பூச்சு ஒரு நாள் பொத்தென்று விழும். அதைவிட மோசம் இடுக்கு. வளைந்த ஆங்கிள் பக்கத்து ஆங்கிளோடு ஒட்டி உட்காராது. அந்தச் சந்து வழியாக சிமென்ட் பால் ஒழுகிப்போய், மேலே ஜல்லியும் மணலும் தேன்கூடு மாதிரி நிற்கும். கடற்காற்று அடிக்கிற நம்ம ஊரில் அந்தப் பொந்து வழியே உப்பு போனால் கம்பி துருப்பிடிக்க எத்தனை நாள் ஆகும்?

போன் போட்டேன். "எல்லாம் கலந்துதான் சார் வரும், சீசன் டைம்" என்றார் ஓனர். சண்டை போட்டு ஓட்டை ஷீட்டையும் வெல்டு விட்டதையும் மாற்றவைத்தோம். மற்றதற்கு மேஸ்திரி கூடுதலாக ஜாக்கி கொடுத்து, இடுக்கெல்லாம் டேப் ஒட்டினார். அப்புறம் ஆயில். ஷீட் ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவணும், சரி. கடை ஆள் கொண்டுவந்தது வண்டியில் வடித்த கறுப்பு ஆயில். அது கூரையில் கறை ஏற்றும், பூச்சும் பிடிக்காது. மேஸ்திரி சத்தம் போட்டதும், "எல்லா வீட்டுக்கும் இதான்ணே அடிக்கிறோம்" என்று அந்தப் பையன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கம்பி வருவதற்குள் துடைத்துவிட்டு, இதற்கென்றே விற்கிற ஆயிலை நாங்களே வாங்கி அடித்தோம்.

இதெல்லாம்கூடப் போகட்டும். பெரிய அநியாயம் தளம் போட்ட பிறகு நடந்தது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் வேலைக்குப் போயிருந்த நேரம் வண்டியோடு வந்து, ஹாலுக்கு அடியிலிருந்த ஜாக்கியை எல்லாம் பிரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். கீழே அம்மா மட்டும். "யாருப்பா பிரிக்கச் சொன்னது?" என்று கேட்டதற்கு, "சார்கிட்ட போன்ல சொல்லிட்டோம் ஆயா, நீங்க உள்ள போங்க" என்று பதில். எனக்கு எந்தப் போனும் வரவில்லை. அம்மா எனக்குப் போன் போட்டு, நான் மேஸ்திரிக்குப் போட்டு, அவர் ஓடிவந்து பார்ப்பதற்குள் ஹாலும் ஒரு பெட்ரூமும் வெறுமையாக நிற்கிறது. ஷீட் வண்டியில் ஏறியாச்சு. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்றால், நெல்லிக்குப்பம் பக்கம் நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் பரப்பணுமாம்.

ஓனர் சொன்ன நியாயத்தைக் கேளுங்கள். "ஐ.எஸ். கோடுலயே மூணு நாள்ல பிரிக்கலாம்னு இருக்கு சார். நாங்க அதுக்கு மேலயே விட்டிருக்கோம்." வாயடைத்துப் போனேன். ஆள் கோடு, அதாவது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி, எல்லாம் பேசுகிறாரே! எங்கள் தெருவில் பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஐ.எஸ். 456-இல் மூன்று நாள் என்று இருப்பது உண்மைதான். அது தகட்டை மட்டும் எடுப்பதற்கு, எடுத்த கையோடு முட்டுகளைத் திரும்பக் கொடுத்துவிட்டால். முட்டுகளை அடியோடு எடுக்க 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு அடியில் இருக்கும் முட்டு என்றால் 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. எங்கள் ஹால் குறுக்கே 16 அடி, அதாவது 4.9 மீட்டர். இரண்டு வாரம் நின்றிருக்க வேண்டிய முட்டு. அதுவும் அந்தக் கணக்கு சாதாரண ஓ.பி.சி. சிமென்ட்டுக்கு, ஒழுங்காகத் தண்ணீர் கட்டினால். இப்போது வீட்டு வேலைக்கு நாம் வாங்குவதில் பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்தான், அது இன்னும் மெதுவாகப் பலம் பிடிக்கும். ஆக, பாதி வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார் மனுஷன்.

ஏன் இந்த அவசரம் என்று யோசித்துப் பார்த்தேன். "ரூஃபுக்கு இவ்வளவு" என்று மொத்தமாகப் பேசிவிட்டால், ஷீட் நம் வீட்டில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் அவருக்கு நஷ்டம். திரும்பத் திரும்பப் பயன்படுத்தத்தான் இரும்பில் முதல் போட்டிருக்கிறார். சீசனில் ஒரு செட்டை மாதத்துக்கு இரண்டு வீட்டில் பரப்புவதா, நாலு வீட்டில் பரப்புவதா என்பதுதான் அவர் லாபம். நாள் வாடகை என்றால் இந்த அவசரம் அவருக்கு இருக்காது, சீக்கிரம் பிரித்துவிட நம் கைதான் அரிக்கும். எந்த வழியில் பேசினாலும் பிரிக்கிற தேதியை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளணும். அதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

மேஸ்திரி அன்று சாயங்காலமே வேறு இடத்தில் ஜாக்கி பிடித்துவந்து ஹாலுக்கு முட்டு கொடுத்தார். ஆனால் அதற்குள் நடுவில் குறுக்கே முடி மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தது. நூல் பிடித்துப் பார்த்தால் கூரை நடுவில் இறக்கம். பீம் ஓரத்தில் ஒரு முழ நீளத்துக்கு ஜல்லி தெரிய, கம்பி எட்டிப்பார்த்தது. பொறியாளர், கான்கிரீட்டின் பலத்தைத் தட்டிப் பார்க்கிற ஹேமர் டெஸ்ட் வைக்க ஏற்பாடு செய்தார். இடிக்க வேண்டியதில்லை, விரிசலில் எபாக்ஸி பசை ஏற்றி, பொந்தைக் கொத்தி அடைத்தால் போதும், மேலே தண்ணீர் டேங்க் மட்டும் ஹாலுக்கு நேராக வைக்காதீர்கள் என்றார். ரிப்பேர் செலவு சென்ட்ரிங் வாடகையையே தாண்டிவிட்டது.

இதற்குப் பிறகும் அட்வான்ஸில் கை வைத்தார்கள் பாருங்கள். 25,000 கட்டியிருந்தேன். வளைந்த ஷீட் 38, ஒன்றுக்கு 250 வீதம் 9,500. குறைந்த ஷீட் 5, ஒன்றுக்கு 1,000 வீதம் 5,000. மீதி 10,500 ஜி-பேயில் வந்தது. வளைந்தே வந்த ஷீட்டுக்கு வளைத்ததாகப் பணம்! பிரித்ததும் அவர்கள் ஆள், ஏற்றியதும் அவர்கள் ஆள், எண்ணினதும் அவர்கள் கடையில். குறைந்த 5 எங்கே குறைந்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

என்னைக் காப்பாற்றியது சிங்கப்பூரில் இருக்கிற தம்பி. வீட்டு வேலையைத் தினமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி உயிரை எடுப்பான். ஷீட் வந்த மறுநாள் காலையில், தராசில் தொங்குகிற ஷீட் உள்பட, எல்லாம் வாட்ஸ்அப்பில் தேதியோடு இருந்தது. அதைக் காட்டினதும் ஓனர் குரல் மாறியது. "கேஸ் போடணும்னா பாண்டிச்சேரி வந்து போடுங்க" என்றார்.

அதுவும் பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே கொடுத்தேன். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகணும் என்றும் இல்லை, சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் கொடுத்துவிடணும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தால் எப்படி எழுதுவது என்று சொல்கிறார்கள். நோட்டீஸ் போனதும் வளைவுக்குப் பிடித்த 9,500 திரும்ப வந்துவிட்டது. மீதி 5,000-க்கும் ரிப்பேர் செலவுக்கும் வாய்தா ஓடிக்கொண்டிருக்கிறது. எதிர்தரப்புப் பதிலில் "மேஸ்திரி சொல்லித்தான் பிரித்தோம்" என்று எழுதியிருக்கிறார்கள், முதலில் சொன்ன மூன்று நாள் கதை அதில் இல்லை.

பக்கத்து வீட்டில் அடுத்த மாதம் தளம் போடுகிறார்கள். அவர்கள் எடுத்த கடையில் சலான் பின்பக்கம் நான் எழுதிக்கொடுத்து, ஓனர் கையெழுத்து போட்ட வாசகம் கீழே இருக்கிறது. முதல் கடையில் முடியாது என்றார்கள், இரண்டாவது கடையில் போட்டுக்கொடுத்தார்கள். வேண்டியவர்கள் நாள் கணக்கை உங்கள் பொறியாளரைக் கேட்டு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்:

"ஷீட் 14 கேஜ், ஒன்று 11.5 கிலோவுக்குக் குறையாது. பகலில் இறக்கி, வீட்டுக்காரர் முன்னிலையில் ஒவ்வொன்றாக எண்ணி, வளைவு, ஓட்டை உள்ளதைக் குறித்துப் படம் எடுத்த பிறகே கையெழுத்து. கான்கிரீட் போட்ட நாளிலிருந்து ஹால் முட்டு 14 நாளும் மற்ற அறை முட்டு 10 நாளும் முடியும்வரை எடுக்கக்கூடாது; பிரிக்கும் தேதியை வீட்டுக்காரர் எழுத்தில் தரவேண்டும். மழையால் தள்ளிப்போனால் கூடுதல் நாளுக்கு வாடகை பேசியபடி. திரும்ப ஏற்றும்போது சைட்டிலேயே எண்ணிக்கை. வண்டி கிளம்பிய பிறகு குறைவு சொன்னால் செல்லாது."