அடுப்படித் தீக்குப் பிறகு: சேலத்தில் வீட்டைத் தேற்றிய ஆட்கள்

அம்மாபேட்டையில் அம்மா வீட்டு அடுப்படியில் தீ என்று தெரிந்ததும் மெல்பர்னிலிருந்து கிளம்பி வந்தேன். பழைய கேஸ் டியூப் வெடித்துக் கசிந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் 101-க்கு போன் போட, தீயணைப்பு வண்டி வந்து அணைத்துவிட்டது. அம்மாவுக்குக் காயமில்லை. எரிந்தது மேடையும் மர அலமாரியும்தான். ஆனால் கரி ஹாலைத் தாண்டி, மூடியிருந்த பீரோவுக்குள் பட்டுச் சேலை வரை போயிருந்தது.

மெல்பர்னில் இதற்கென்றே கம்பெனிகள் உண்டு, ஒருவரே எல்லாம் முடித்துத் தருவார். இங்கே விசாரித்த வரை அப்படி யாரும் கிடைக்கவில்லை. ஆளாளுக்குத் தனியாகப் பிடித்தோம்.

முதலில் எலக்ட்ரீசியன். "மெயினைத் தொடாதீங்க சார்" என்றுதான் உள்ளேயே வந்தார். சுவருக்குள் பைப்பில் ஓடிய ஒயரை உருவிக் காட்டினார். சூட்டில் மேலுறை இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அடுப்படி லைன் முழுவதையும் மாற்றினார். அருமையான வேலைக்காரர்.

சுத்தம் செய்ய முதலில் வந்தவர்கள் வாளியும் சோப்புத் தண்ணீருமாகச் சுவரில் இறங்கப் பார்த்தார்கள். நிறுத்தச் சொல்லி அனுப்பிவிட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு கலந்த கரியில் நேரடியாகத் தண்ணீர் பட்டால் அது மை போல இழுபட்டுச் சுண்ணாம்புக்குள் இறங்கிவிடும். அடுத்து வந்த சூப்பர்வைசர் அக்காவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஜன்னல்களைத் திறந்துவைத்து, கூரையிலிருந்து கீழே வேக்குவமும் காய்ந்த ஸ்பாஞ்சும் வைத்து எடுத்தார்கள். ஸ்பாஞ்சைத் தேய்க்கவில்லை, ஒற்றி ஒற்றித்தான் எடுத்தார்கள். அதற்கு அப்புறம்தான் வெந்நீரும் சோப்பும். பிளாஸ்டிக் எரிந்த கரி ஈரம் பட்டால் அமிலமாகி உலோகத்தை அரிக்கும் என்பதால் குழாய், ஃபேன், எவர்சில்வர் பாத்திரங்களை அன்றே கழுவி முடித்தார்கள். கூலி கூடுதல்தான், மனதாரக் கொடுத்தேன். பட்டுச் சேலைகளை வீட்டில் நனைக்காமல் டிரை கிளீனிங்குக்குப் போட்டோம்.

பெயின்டர் மறுநாளே எமல்ஷன் அடித்துவிடலாம் என்றார். சம்மதிக்கவில்லை. அப்படி அடித்தால் கறையும் புகை வாடையும் திரும்ப மேலே வரும். பொரிந்த பூச்சைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, ஆயில் பிரைமர் அடித்த பிறகே பெயின்ட்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியவில்லை என்பதுதான் என் கவலை. கேஸ் இணைப்பு உள்ள வீடுகளுக்கு எண்ணெய் நிறுவனங்களே விபத்துக் காப்பீடு எடுத்திருக்கின்றன. நாம் பிரீமியம் கட்டுவதில்லை. ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இணைப்பு பதிவான முகவரியில்தான் விபத்து நடந்திருக்க வேண்டும். துடைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் போட்டோ எடுத்தோம், தீயணைப்புத் துறையின் அறிக்கைக்கும் விண்ணப்பித்தோம். ஏஜென்சியில் மனுவை வாங்கவே தயங்கினார்கள். நகலில் முத்திரை வாங்கிய பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தேன். சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் வந்து பார்த்துவிட்டார், பணம் இன்னும் வரவில்லை.

புது டியூப் கம்பி வலை உள்ள ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப். ஆயுள் 5 வருடம், தேதி அதிலேயே அச்சாகியிருக்கும். ஊரில் பெரியவர்கள் தனியாக இருந்தால் இன்றே போன் போட்டு அந்தத் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். கேஸ் வாடை வந்தால் அழைக்க 1906 என்ற எண்ணையும் அடுப்படிச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.