ஆட்சிக்குழுக் கூட்டம் காகிதத்திலிருந்து மென்பொருளுக்கு: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

எங்கள் கல்லூரி ஆட்சிக்குழு காகிதக் கட்டுகளை விட்டு இணைய மென்பொருளுக்கு மாறிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. கூட்ட ஆவணங்களைத் தயாரிக்கும் செயலர் அலுவலகத்தில் இருப்பதால், உறுப்பினர்கள் கண்ணில் படாத பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன். காகிதம் மிச்சம், நகல் எடுக்கும் வேலை மிச்சம் என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் காரணம். உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் மாறுவதென்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். பிடிஎஃப் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினாலே அந்த மிச்சம் கிடைத்துவிடும்.

முதலில் நாங்கள் தனி மென்பொருள் எதுவும் வாங்கவில்லை. இணையத்தில் பகிரும் ஃபோல்டர் ஒன்றை வைத்து ஓட்டினோம். லிங்க் கையில் இருப்பவர் எவரும் திறக்கலாம் என்ற நிலை ஒரு பக்கம். ஆளுக்கு ஒரு பிரதியை இறக்கி வைத்துக்கொண்டு, கூட்டத்தில் பழைய கணக்கைக் காட்டி வாதிட்டது இன்னொரு பக்கம். அப்புறம்தான் ஆட்சிக்குழுக் கூட்டங்களுக்கென்றே செய்த, போர்டு போர்டல் எனப்படும் மென்பொருள் வகைக்குப் போனோம். டிலிஜென்ட், போர்ட்எஃபெக்ட், போர்ட்டாக்ஸ், ஆன்போர்டு என்று இதில் பல உண்டு. நிகழ்ச்சி நிரலைப் பொதுமக்களுக்குக் காட்டியாக வேண்டிய நிறுவனமா, உறுப்பினர்களோடு முடிந்துவிடும் நிறுவனமா என்பதைப் பொறுத்தே தேர்வு அமையும். எங்களுடையது எது என்பது இங்கே முக்கியமில்லை.

நாங்கள் எதிர்பார்க்காத மாற்றம் கெடு விஷயத்தில் வந்தது. காகிதக் காலத்தில் அச்சுக்குப் போகும் நாள்தான் கடைசி நாள். எவ்வளவு பெரிய துறைத் தலைவராக இருந்தாலும் அதற்குப் பிறகு ஒரு தாளைக்கூடச் செருக முடியாது. அந்தக் கண்டிப்பு எங்கள் விதிகளில் எழுதப்பட்டதல்ல, அச்சு இயந்திரம் கொடுத்தது. மென்பொருள் வந்ததும் அது போய்விட்டது. கூட்டத்துக்கு முந்தைய இரவு வரவுசெலவுத் திட்டம் மாறும். காலையில் ஒரு பின்னிணைப்பு முளைக்கும். பழைய பிரதியைப் படித்துக் குறிப்பெழுதி வைத்தவர்களின் நிலை பரிதாபம். நடுவில் இரண்டு பக்கம் கூடினால் அவர்களுடைய குறிப்புகள் வேறு பத்தியின் ஓரத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

ஆவணங்களைப் பூட்டும் பொத்தான் மென்பொருளில் இருக்கத்தான் செய்தது. அதை அழுத்தும் அதிகாரம் யாருக்கு என்ற விதிதான் எங்களிடம் இல்லை. கடைசியில் ஆட்சிக்குழுவே தீர்மானம் போட்டது: கூட்டத்துக்கு 7 நாள் முன்பு எல்லாம் பூட்டப்படும், பிறகு வருவது எதுவானாலும் தலைவர் அனுமதியோடு தனித் துணைத்தாளாகத்தான் சேரும். வாங்கப் போகிறவர்கள் இந்தத் தீர்மானத்தை மென்பொருளுக்கு முன்னாலேயே போட்டுவிடுவது நல்லது.

பக்க எண் சின்ன விஷயம்போலத் தெரியும். தலைவர் "84-ஆம் பக்கம் பாருங்கள்" என்பார். அறிக்கையில் அச்சான எண் ஒன்று, திரையில் தெரியும் எண் இன்னொன்று. பாதிப் பேர் வேறெங்கோ இருப்பார்கள். முழுத் தொகுப்புக்கும் ஒரே தொடர் எண் போடச் செய்த பிறகுதான் இந்தக் குழப்பம் ஓய்ந்தது.

யார் எதைப் பார்க்கலாம் என்பதில் மென்பொருள் கறாரானது, ஆனால் நாம் சொன்ன அளவுக்குத்தான். தனக்குத் தொடர்புடைய ஒப்பந்தம் பற்றிய ஆவணம் ஓர் உறுப்பினருக்குப் போகக் கூடாது என்று மறைத்து வைத்தோம். ஆவணம் மறைந்தது, அதன் தலைப்பு தானியங்கி மின்னஞ்சலில் அவருக்கே போய்ச் சேர்ந்தது. இப்போது இரகசிய அமர்வுக்கான பொருள்களுக்கு வெறும் எண்தான் தலைப்பு. பதவிக்காலம் முடிந்தவரின் கணக்கை அன்றே மூடுவதும் எங்கள் வேலைப் பட்டியலில் ஏறிவிட்டது.

உறுப்பினர்கள் எழுதும் சொந்தக் குறிப்புகளை எவ்வளவு காலம் வைப்பது என்று சட்ட ஆலோசகரைக் கேட்டுவிடுங்கள். வழக்கு என்று வந்தால் அவற்றையும் கேட்க வாய்ப்புண்டு. எங்களிடம் மினிட்ஸ் (கூட்ட நடவடிக்கைப் பதிவு) ஒப்புதலானதும் அந்தச் சொந்தக் குறிப்புகள் அழிந்துவிடும். வழக்கு நிலுவையில் இருந்தால் மட்டும் அழிப்பதை நிறுத்திவைப்போம்.

மாறியதற்குப் பலன் என்று நான் கையைக் காட்டுவது தேடலைத்தான். கட்டணச் சலுகைக் கொள்கை எப்போது முடிவானது, பிறகு எந்தத் தீர்மானம் அதைத் திருத்தியது என்று யாராவது கேட்டால் முன்பு மினிட்ஸ் புத்தகங்களோடு அரை நாள் போகும். இப்போது கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பதில் வந்துவிடுகிறது. ஆனால் இது தானாக நடக்கவில்லை. தட்டச்சு செய்த பழைய மினிட்ஸை ஸ்கேன் செய்தால் எழுத்துகள் ஓரளவு தேறின. கையால் எழுதியவை தேறவில்லை. அவற்றுக்குத் தேதி, தீர்மான எண், பொருள் என்று ஆள் வைத்து அட்டவணை போட்டோம். அலுப்பான வேலை, ஆனால் அதிகம் பயன்படுவது அந்த அட்டவணைதான்.

இணையவழி வாக்களிப்பும் உண்டு. நாங்கள் அதைக் கூட்டத் தேதி முடிவு செய்ய மட்டுமே வைத்திருக்கிறோம். கூட்டம் கூடாமல் தீர்மானம் நிறைவேற்றக் கல்லூரியின் விதிகள் இடம் தருகின்றனவா, கோரம் (கூட்டம் செல்லுபடியாக இருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) எப்படிக் கணக்காகும் என்பதெல்லாம் தெளிவாகாமல் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது என்பது என் கட்சி.

கடைசியாக, வெளியேறும் வழி. எங்கள் ஆவணங்களை மொத்தமாகத் திருப்பிக் கேட்டுப் பார்த்தபோது, புரியாத பெயர்களோடு ஒரு ஜிப் கோப்பு வந்தது. எந்தத் தாள் எந்தக் கூட்டத்தின் எந்தப் பொருளுக்கு உரியது என்ற தொடர்பு அதில் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் முழுத் தொகுப்பையும் பிடிஎஃப்/ஏ வடிவில் எங்கள் சொந்தச் சேமிப்பில் வைக்கிறோம். 2005-இல் ஐஎஸ்ஓ தரமாக வந்த இந்த வடிவம் எழுத்துருக்களையும் கோப்புக்குள்ளேயே வைத்துக்கொள்வதால், பின்னாளில் வேறு கணினியில் திறந்தாலும் பக்கம் கலையாது. விற்பவர் செயல்விளக்கம் காட்ட வரும்போது ஒரு மாதிரிக் கூட்டத்தை ஏற்றி, அதை அப்படியே வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். மற்ற வசதிகளை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.