திரை, மை, தாள், வட்டு: ஒரே படத்தை உரைகல்லாக வைத்து ஒரு மதிப்பீடு

சன்னலோரம் ஒரு முதியவர் அமர்ந்திருக்கிறார். முகத்தின் இடப்பாதி வெளிச்சத்தில் இருக்கிறது. வலப்பாதி நிழலில் அமிழ்ந்திருந்தாலும், அந்தப் பக்கத்துக் கண்ணில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஒளிப்புள்ளி தெரிகிறது. நான் எடுத்தவற்றில் அச்சிட்டுப் பார்க்க வேண்டும் என்று முதலில் தோன்றிய படம் இதுதான். திரையில் கம்பளிச் சட்டையின் பின்னலைக்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது. தாளில் வந்தபோதோ வலப்பாதி முழுவதும் ஒரே கரிப்பூச்சு. கண்ணும் இல்லை, புள்ளியும் இல்லை. அச்சுப்பொறியைச் சந்தேகித்து ஒரு பெட்டித் தாளை வீணாக்கிய பிறகே குறை வேறோர் இடத்தில் இருப்பது புரிந்தது. அன்றிலிருந்து ஒன்றரை ஆண்டாக, படங்களைத் திருத்தவும் அச்சிடவும் சேமிக்கவும் எதை வாங்கினாலும் அந்தப் படத்தைக் கொண்டுதான் சோதிக்கிறேன்.

குறை மானிட்டரில் இருந்தது. பார்த்த மாத்திரத்தில் கண்ணைக் கவர வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலான மானிட்டர்கள் மிகையான பிரகாசத்துடனேயே விற்பனைக்கு வருகின்றன. நிறமளக்கும் கருவியைத் திரையில் வைத்துப் பார்த்தபோது என்னுடையது சதுர மீட்டருக்கு 280 கேண்டெலா காட்டியது. அச்சுக்காகப் படம் திருத்துபவர்கள் பொதுவாக வைத்துக்கொள்வது 80 முதல் 120 வரைதான். 100க்கு இறக்கியதில் ஏறத்தாழ ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சம் குறைந்து, தாளில் மறைந்திருந்த கண் இப்போது திரையிலேயே மறைந்தது. அச்சுப்பொறி அதுவரை உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆகவே, புதிதாகத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டியது மானிட்டரை அளக்கும் கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. டேட்டாகலர் நிறுவனத்தின் ஸ்பைடர் வரிசையும், எக்ஸ்-ரைட் நிறுவனத்தின் ஒளிப்படக் கருவிகளை 2021 முதல் தன் பெயரில் விற்கும் கேலிப்ரைட் வரிசையும் பரவலாகக் கிடைப்பவை. உள்ளங்கையில் அடங்கும் இந்தக் கருவியைத் திரையின் நடுவே தொங்கவிட்டால், மென்பொருள் ஒன்றன்பின் ஒன்றாக நிறக் கட்டங்களைக் காட்டும்; கருவி ஒவ்வொன்றையும் அளந்து, இந்தத் திரை எந்த நிறத்தை எப்படித் திரிக்கிறது என்பதை ஐசிசி ப்ரொஃபைல் எனப்படும் கோப்பாக எழுதிக் கொடுக்கும். வெண்மைக்கு 6500 கெல்வின், காமாவுக்கு (இருளுக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட சாயல்கள் ஏறும் விதம்) 2.2 என்று வைத்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும். பிரகாசத்துக்கு மட்டும் எவரோ சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அச்சைப் பார்க்கும் விளக்கின் கீழ் வெற்றுத்தாள் ஒன்றை வைத்து, திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டின் வெண்மையும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இடத்தில் நிறுத்துவதே நம்பகமான வழி. அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையைத் தானே மாற்றும் வசதி கருவியோடு வந்தால், அதை அணைத்துவிடுங்கள்; மேகம் கடக்கும்போதெல்லாம் படத்தின் நிறம் நகர்ந்தால் எதை நம்பித் திருத்துவது? கருவியோடு வரும் மென்பொருள் பிடிக்காதவர்களுக்கு ஆர்கில்சிஎம்எஸ் என்ற திறமூலத் தொகுப்பும், அதை எளிதாக இயக்க உதவும் டிஸ்ப்ளேகேல் நிரலும் இருக்கின்றன. முதல் முறை சற்றுக் குழப்பும். பழகிய பின் விட மனம் வராது.

அகன்ற நிறப்பரப்புள்ள மானிட்டர் அவசியமா என்ற கேள்வி எப்போதும் எழும். 1996இல் வகுக்கப்பட்ட எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறப்பரப்பில் அடங்காத சில பச்சைகளையும் நீலப்பச்சைகளையும் நல்ல அச்சுப்பொறி தாளில் கொண்டுவந்துவிடும். அவற்றைத் திரையிலேயே காண அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற நிறப்பரப்பு வரை எட்டும் மானிட்டர் வேண்டும். காடு, கடல் என்று எடுப்பவருக்கு அது பயன்படும். முகங்களையே பெரும்பாலும் எடுக்கும் எனக்கு, அளந்து சரிசெய்த எளிய ஐபிஎஸ் (சாய்ந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரைவகை) மானிட்டரே போதுமானதாக இருக்கிறது. அளக்காமல் வைத்திருக்கும் உயர்ரக மானிட்டரைவிட அது எவ்வளவோ மேல்.

படம் திருத்தும் மென்பொருளைப் பற்றி மிகுதியாக எழுதப்பட்டுவிட்டதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007இல் வெளிவந்த லைட்ரூமும் 2009இல் தொடங்கிய டார்க்டேபிளும் நான் செய்யும் வேலை அனைத்தையும் செய்கின்றன. முன்னது சந்தா கட்டும் வரை வசதியானது. சந்தா நின்றால் படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம், ஆனால் படத்தைத் திருத்தும் டெவலப் பகுதியைத் தொட முடியாது. பின்னது இலவசம், அதற்கு ஈடாகக் கற்றுக்கொள்ளும் பொறுமையைக் கேட்கிறது. இரண்டுமே திருத்தங்களை எக்ஸ்எம்பி என்ற துணைக்கோப்பில் எழுதி வைக்க வல்லவை என்றாலும், ஒன்று எழுதியதை மற்றொன்று முழுமையாகப் புரிந்துகொள்வதில்லை என்பதை முன்கூட்டியே அறிந்து தேர்ந்தெடுங்கள். நடுவழியில் மாறுவது, பழைய திருத்தங்களில் பெரும்பகுதியைக் கைவிடுவதற்குச் சமம். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் தொடங்குவது பற்றி மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. 14 பிட் ரா கோப்பிலோ 16,384 படிகள். அந்த முதியவரின் நிழல்பக்கத்தை ஒன்றரை ஸ்டாப் உயர்த்தியபோது ரா கோப்பில் தோல் தோலாகவே இருந்தது. கேமரா கூடவே எழுதிய ஜேபெக்கில் கன்னம் திட்டுத்திட்டாக உடைந்தது.

அச்சுப்பொறியில் முதல் முடிவு மை பற்றியது. சாய மை தாளுக்குள் ஊறிப் பளிச்சென்ற நிறம் தரும். ஒளியாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் விரைவில் வெளிறும். நிறமி மையில் நுண்ணிய துகள்கள் தாளின் மேற்பரப்பில் படிவதால் ஆயுள் பல மடங்கு கூடும். எப்சன் ஷுர்கலர் பி700, கேனன் இமேஜ்ப்ரோகிராஃப் ப்ரோ-300 இரண்டும் நிறமி மை வகை. 13 அங்குல அகலத் தாள் வரை ஏற்கும். இரண்டிலும் 10 மைக்குப்பிகள். கேனனில் அவற்றுள் ஒன்று நிறமற்றது, பளபளப்புத் தாளில் மினுமினுப்பைச் சீராக்கவே பயன்படுவது. எப்சனின் முந்தைய பி600இல் பளபளப்புத் தாளிலிருந்து பளபளப்பற்ற மேட் தாளுக்கு மாறும்போது இருவகைக் கருப்பு மைகளும் ஒரே வழியைப் பகிர்ந்ததால் ஒவ்வொரு மாற்றத்திலும் மை செலவாகும். பி700இல் அவற்றுக்குத் தனித்தனி வழி கொடுத்திருக்கிறார்கள். நான் தாள்களை அடிக்கடி மாற்றுபவன் என்பதால் எனக்கு இது பெரிய வசதியாகத் தோன்றுகிறது. குப்பியின் கொள்ளளவையும் கவனியுங்கள்: பி700இல் 25 மில்லி, ப்ரோ-300இல் 14.4 மில்லி. பொறியின் விலையை மட்டும் பார்த்து வாங்கினால் பிறகு யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான்.

நிறமி மைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சும்மா கிடந்தால் முனைகளில் உலர்ந்து அடைத்துக்கொள்ளும். முன்பு நான் வைத்திருந்த பொறி ஒன்றை (பெயர் வேண்டாம்) மூன்று வாரம் தொடாமல் விட்டுத் திரும்பியபோது சோதனைப் பக்கத்தில் வெளிர்நீலக் கோடுகளில் பாதியைக் காணவில்லை. நான்கு முறை சுத்தம் செய்யும் கட்டளை கொடுத்தேன். கோடுகள் திரும்பி வந்தன, ஆனால் ஒரு படமும் அச்சிடாமலே மூன்று குப்பிகள் தீரும் நிலைக்கு வந்துவிட்டன. இப்போது வாரம் ஒருமுறை எல்லா நிறமும் உள்ள சிறு படம் ஒன்றை அச்சிட்டுவிடுகிறேன். மாதம் ஓரிரு படங்கள் மட்டுமே அச்சிடுபவர் வீட்டில் பொறி வைத்துக்கொள்ளாமல் நல்ல அச்சகத்தை நாடுவது நல்லது. வியாபாரத்துக்கு எதிராகச் சொல்வதுபோல் இருந்தாலும் இதுவே என் கணிப்பு.

இனி தாள். இந்த மதிப்பீட்டில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். அதே படத்தை மூன்று தாள்களில், ஒவ்வொன்றுக்கும் உரிய ஐசிசி ப்ரொஃபைலுடன் அச்சிட்டு ஒரே விளக்கின் கீழ் வரிசையாக வைத்தேன். முதலாவது, பிளாஸ்டிக் பூச்சுள்ள வழக்கமான பளபளப்புத் தாள்: கருப்பு ஆழமாக இருந்தாலும் கூரை விளக்கு முழுவதும் அதில் பிரதிபலித்ததால், கண்ணைப் பார்க்கத் தாளைச் சாய்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது, ஹானமூலே ஃபோட்டோ ராக் 308: முழுப் பருத்தி, மேட் மேற்பரப்பு, சதுர மீட்டருக்கு 308 கிராம். மூன்றாவது, கான்சன் பிளாட்டின் ஃபைபர் ராக், 310 கிராம்: இதுவும் பருத்திதான், ஆனால் இருட்டறைக் காலத்துப் பரைட்டா (பேரியம் சல்பேட் பூசிய) தாள்களை நினைவூட்டும் மென்பளபளப்பு உடையது.

பருத்தி மேட் தாளைக் கையில் எடுத்தவுடன் மனம் அதன் பக்கம் சாய்ந்துவிடும். கம்பளிச் சட்டை அதில் கம்பளியாகவே தெரிந்தது. ஆனால் கருப்பில் அது தோற்றது. மேட் தாள்களின் ஆழ்ந்த கருப்பின் அடர்த்தி பொதுவாக 1.6 அல்லது 1.7, அதாவது தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் இரண்டு பங்குக்கு மேல் அது திருப்பி அனுப்பிவிடும். பரைட்டா வகைத் தாள்களில் அடர்த்தி 2.3ஐத் தாண்டும், திரும்புவது அரைப் பங்கே. எண்ணில் சிறியதாகத் தெரியும் இந்த வேறுபாட்டில்தான் அந்தக் கண் இருந்தது. மேட் தாளில் நிழல்கள் ஒன்றோடொன்று நெருங்கி, ஒளிப்புள்ளி சாம்பலில் கிடக்கும் தூசிபோல் ஆயிற்று. பிளாட்டினில் அது ஈரமாக மின்னியது. சாஃப்ட் ப்ரூஃப் வசதியை இயக்கி, தாளின் வெண்மையையும் கருப்பையும் திரையில் போலச்செய்து பார்த்திருந்தால் இதை மை செலவின்றியே கண்டிருக்கலாம். பிறகு அப்படிச் செய்து, மேட் தாளுக்கென நிழல்பகுதியைத் தனியாக விரித்துக் கொடுத்தபோது அந்த அச்சும் மதிக்கத்தக்கதாக வந்தது. ஒரே கோப்பை எல்லாத் தாளுக்கும் அனுப்புவது, ஒரே அளவுச் சட்டையை எல்லோருக்கும் தைப்பதுபோல.

பருத்தித் தாளின் இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். அதன் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பஞ்சிழைகள் ஒட்டியிருக்கும். அச்சிட்ட பின் இழை உதிர்ந்தால் அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும். என் முதியவருக்கு இப்படி ஒரு முறை மூக்கின் நிழலில் இரண்டாவது ஒளிப்புள்ளி முளைத்துவிட்டது. அகலமான மென்தூரிகையால் தாளை ஒருமுறை துடைத்துவிட்டுப் பொறியில் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஒளிர்வெண்மைப் பொருள் சேர்த்த தாள்களையும் நான் தவிர்க்கிறேன். புற ஊதாக் கதிரை நீல ஒளியாக மாற்றி வெண்மையைக் கூட்டிக் காட்டும் அந்தப் பொருள் ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழக்க, தாள் தன் இயல்பான மஞ்சள் சாயலுக்கு இறங்கிவிடும். பிளாட்டினில் அது சேர்க்கப்படவில்லை. அதனால் புதிதாக இருக்கும்போதே சற்று வெதுவெதுப்பான நிறத்தில் இருக்கிறது, முகங்களுக்கு அது அழகும்கூட.

அச்சை உடனே கண்ணாடிச் சட்டத்தில் அடைக்கக் கூடாது. ஒரு நாளாவது திறந்து வைத்து மையின் ஈரம் வெளியேறிய பிறகே அடைக்க வேண்டும், இல்லையேல் கண்ணாடியின் உட்புறம் பனித்துவிடும். அடுக்கி வைப்பதற்கு அமிலமற்ற அட்டைப் பெட்டியும் பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையும் போதும். பிவிசி உறைகள் மட்டும் வேண்டாம்.

கோப்புகளைச் சேமிப்பதில் எனக்குக் கிடைத்த பாடம் கசப்பானது. 24 மெகாபிக்சல் கேமராவின் சுருக்கப்படாத 14 பிட் ரா கோப்பு ஏறத்தாழ 42 மெகாபைட். அதையே 16 பிட் டிஃப் (தரம் இழக்காத படக்கோப்பு வகை) ஆக்கினால் 144 மெகாபைட். இப்படி நிரம்பிய பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றினேன். கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போகவே, பழையதை அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு தொகுப்பைத் திறந்தபோது 37 படங்களின் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் பட்டையாக இருந்தது. இணைப்புக் கம்பியோ இடையில் செருகியிருந்த ஹப்போ தவறியிருக்க வேண்டும். அளவு சரியாக இருப்பதால் உள்ளடக்கமும் சரியாக இருக்கும் என்று பொருளில்லை. அதனால்தான் இப்போது எதை நகலெடுத்தாலும் இரு பக்கமும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை (உள்ளடக்கம் சிறிது மாறினாலும் இது மாறிவிடும்) கணக்கிட்டு ஒப்பிடுகிறேன். இதற்கான நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம்.

பீட்டர் குரோக் என்ற ஒளிப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 முறையை அதன் பின்னரே ஒழுங்காகக் கைக்கொண்டேன்: மூன்று நகல்கள், இரு வேறு வகை ஊடகங்கள், ஒரு நகலாவது வேறோர் இடத்தில். வேலை நடக்கும் படங்களுக்கு எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத சேமிப்பகம்), நாள்பட வைப்பதற்கு ஹார்ட் டிஸ்க், வெளியிடத்துக்கு மேகச் சேமிப்பு என்று பிரித்திருக்கிறேன். எஸ்எஸ்டி வேகமானது, கைதவறி விழுந்தாலும் தாங்கும். ஆனால் மின்னூட்டமாகத் தகவலை வைத்திருப்பதால், மின் இணைப்பின்றி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் போட்டு வைக்க ஏற்றதல்ல. பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்கும் ரெயிட் பெட்டி வைத்திருப்பதே காப்பு நகல் வைத்திருப்பதாகும் என்று நம்புவோரும் இருக்கிறார்கள். அது ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் காக்கும், அவ்வளவுதான். தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் அது எல்லா டிஸ்க்கிலும் ஒரே கணத்தில் அழியும்.

முடிந்த படம் ஒவ்வொன்றுக்கும் ரா கோப்பு, எக்ஸ்எம்பி, அச்சுக்கான டிஃப், எந்தத் தாள், எந்த ப்ரொஃபைல் என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரே கோப்புறையில் வைக்கிறேன். சென்ற மாதம் அந்த முதியவரின் படத்தை மீண்டும் அச்சிட வேண்டி வந்தது. குறிப்பைப் பார்த்து அதே தாளை எடுத்துப் போட்டேன். முதல் அச்சிலேயே கண் வந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்குகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவதென்று வைத்திருக்கிறேன். அடுத்து மாற்ற வேண்டிய தேதியை ஒட்டுத்தாளில் எழுதி ஒவ்வொன்றின் மேலும் ஒட்டியாயிற்று.